சந்தேகம் வந்தால் வெட்டு

யோகராசா முதன்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, கதிரையில் உட்காருவதற்கு முன் அதைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்தான். என் மனைவி சுஜீவாவின் முகம் கறுத்துவிட்டது. பிறகு கோழிக்கறியை முகர்ந்து பார்த்தான். போகும்போது வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே சிலந்தி இல்லை என்று உறுதியான பிறகுதான் காலை விட்டான்.

"உங்கட சிநேகிதனுக்கு எங்களில நம்பிக்கை இல்லைப்போல" என்றாள் சுஜீவா.

"அவனுக்கு ஒருத்தரிலயும் நம்பிக்கை இல்லை. நீர் தனியாக் கோவிக்க ஒண்டும் இல்லை" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொய்யில்லை. யோகராசா வானிலை அறிக்கையை நம்ப மாட்டான். வெளியே வந்து கையை நீட்டிப் பார்ப்பான். என்னுடைய வான் வண்டியில் ஏறுமுன் நான்கு டயரையும் உதைத்துப் பார்ப்பான். ஓட்டுவது நான். எனக்கு எப்படி இருக்கும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனால் அவனுக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தச் சந்தேகத்துக்காகத்தான். புளூ மவுண்டன்ஸில், கட்டூம்பா ஊரில், சுற்றுலா வருகிறவர்களைப் பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் இறக்கி, அடியில் இருக்கும் இடுக்கான பள்ளத்துக்குள் நடக்கவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நீந்தவிட்டு, மறுபக்கத்தால் வெளியே கொண்டுவரும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதில் அவன் வழிகாட்டி. நான் மலைக்குக் கீழே நகரத்தில், மெரிலேண்ட்ஸில் குடியிருக்கிறேன். வார நாட்களில் வேறு வேலை, சனி ஞாயிறில் அந்தக் கம்பெனிக்கு வான் ஓட்டுகிறேன். நான் கல்யாணம் கட்டி விமானத்தில் வந்தவன். அவன் அகதியாகப் படகில் வந்தவன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தற்காலிக விசாதான். மலையில் அவனைத் தேடி வந்து பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கயிறுதான் இந்த நாட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே பிடி. இதை அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கயிறோ, இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸோ, ஏதாவது ஒன்றில் சின்னச் சந்தேகம் வந்தால்கூட அதை ஓரமாக வைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே கத்தியால் வெட்டிவிட வேண்டும். ஓரமாக வைத்தால், அவசரத்தில் இன்னொருவன் எடுத்து மாட்டிவிடுவான். வெட்டினதை யாரும் மாட்ட முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வழிகாட்டி உங்களுடைய ஹார்னஸைப் பார்த்த பிறகு, நீங்கள் அவனுடையதைப் பார்க்க வேண்டும். யோகராசா இதில் விடாப்பிடி. கைகளை விரித்துக்கொண்டு, "இப்ப என்னைப் பாருங்கோ. நானும் பிழை விடுவன்" என்று நிற்பான். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு கொளுக்கியாக இழுத்துப் பார்ப்பார்கள். நம்மவர்கள், "உங்களுக்குத் தெரியாததாண்ணா" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வி. புறப்படுமுன் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, யாருக்காவது நோய் உண்டா, மருந்து எடுக்கிறீர்களா என்று உரக்கக் கேட்பார்கள். நம்மவர்கள் வந்தால் பதில் எப்போதும் ஒன்றுதான். இல்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நெஞ்சுவலி இல்லை. அவ்வளவு ஆரோக்கியமான கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

"நாலு பேருக்கு முன்னால கேட்டா எங்கட ஆக்கள் செத்தாலும் சொல்லாயினம்" என்பான் யோகராசா. அதற்கு அவனே ஒரு வழி வைத்திருந்தான். ஹெல்மெட் வாரை இறுக்குகிற சாக்கில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, வாயை அசைக்காமல், "மெய்யாச் சொல்லுங்கோ, என்ன வருத்தம்?" என்று கேட்பான். நாங்கள் நோயை வருத்தம் என்போம். அப்படிக் கேட்டதில் பாதிப் பேர் ஏதாவது ஒன்றைக் கக்கியிருக்கிறார்கள். மீதிப் பேருக்குக் கோபம் வந்திருக்கிறது. சுங்க அதிகாரி பெட்டியைக் கிண்டுவதுபோல இந்த ஆள் கிண்டுகிறான் என்று கம்பெனிக்கு முறைப்பாடுகள் போயின.

கம்பெனியின் முதலாளி ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. கெட்டவர் அல்ல. ஆனால் வியாபாரம். போன மாதம் அவனை அழைத்து, ஆட்கள் இங்கே சந்தோஷமாக இருக்க வருகிறார்கள், விசாரணைக்கு வரவில்லை, இன்னும் ஒரு முறைப்பாடு வந்தால் கயிற்றுப் பக்கமே வர வேண்டாம், பின்னறையில் நனைந்த உடுப்புகளைக் கழுவலாம் என்று சொல்லிவிட்டார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

"வாயைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு இரு மச்சான்" என்றேன்.

"பாப்பம்" என்றான். அவன் பாப்பம் என்றால் மாட்டான் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டு வாசலில் நான்கு பேரை ஏற்றினேன். விஷயம் பிடிபட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது ஒரு பெண் பார்க்கும் படலம். முன்பெல்லாம் பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைத்து வரவேற்பறையில் நடந்தது, இப்போது மலைக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஜெகதீஷ், கம்ப்யூட்டர்காரன், கையில் பெரிய கடிகாரம், வாரம் ஒரு மலை ஏறுகிறவன். அவனுடைய அம்மா சத்தியபாமா, மகனுக்குப் பெண் தேட ஈரோட்டிலிருந்து வந்தவர். பருத்திச் சேலை, அதன்மேல் மகனுடைய ஜாக்கெட், காலில் ஓட்டக்காரர்களின் சப்பாத்து. பெண் வர்ஷா. அவளும் அவளுடைய அம்மா வேதவல்லியும் மெல்பேர்னில் பொயிண்ட் குக்கிலிருந்து விடியற்காலை விமானத்தில் வந்திறங்கியிருந்தார்கள். பெண்ணின் கண்களைப் பார்த்தாலே இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது.

யோகராசா வழக்கம்போல முன்சீட்டில் இருந்தான். அவன் பேசிய இரண்டு வார்த்தையிலேயே வேதவல்லி அன்ரிக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"நீங்க சிலோனா தம்பி? இங்க எப்படி வந்தீங்க, ஸ்டூடண்ட் விசாவா?"

"இல்லை அன்ரி. படகு."

"ஓ" என்றார். அந்த ஓவுக்குப் பிறகு கைப்பையை மடியிலிருந்து எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். அதைக் கண்ணாடியில் பார்த்த எனக்குக் கோபம் வந்தது. யோகராசாவுக்கு வரவில்லை. கைப்பையை அணைத்துக்கொள்கிறவர்களை அவனுக்கு உள்ளூரப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மலைப்பாதையில் இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள். காலை வெயில் மரங்களுக்கு ஊடாக விட்டு விட்டுக் கண்ணில் அடிக்கும். வர்ஷா ஜன்னலோரம் இருந்தாள். வெயில் அப்படித் துடிக்கத் தொடங்கியதும் கையைத் தூக்கி ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். இரண்டு கண்ணை அல்ல, ஒன்றை. வேதவல்லி சட்டென்று தன் துப்பட்டாவை எடுத்து ஜன்னலில் பிடித்தார்.

"ஏங் கண்ணு, கண்ணு வலிக்குதா?" என்றார் சத்தியபாமா எதிர்சீட்டிலிருந்து.

"லென்ஸ் போட்டிருக்கா. அதான் கூசுது" என்றார் வேதவல்லி.

சத்தியபாமா தலையை ஆட்டினார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பார்வை அது. சிறிது தூரம் போனதும் வர்ஷாவின் கை வெடுக்கென்று உதறி, காப்பிக் கோப்பை மடியில் கவிழ்ந்தது. "எப்பவும் இப்படித்தான், கையில எதுவும் நிக்காது" என்று சிரித்துக்கொண்டே துடைத்த வேதவல்லி, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மகளின் உள்ளங்கையில் திணித்தார். "வைட்டமின்" என்றார், யாரும் கேட்காமலே.

யோகராசா தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்லத் திருப்பினான். கேட்டால் பின்னால் வருகிற வாகனத்தைப் பார்க்கிறேன் என்பான்.

வண்டி நிறுத்துமிடத்தில் ரயன் காத்திருந்தான். அவன் இரண்டாவது வழிகாட்டி. முதலில் கீழே இறங்கி, வருகிறவர்களைப் பிடிக்கிறவன். அவன் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டான். ஜெகதீஷ் மார்பைத் தட்டி, "ஆல் குட்" என்றான். வர்ஷா வாயைத் திறக்குமுன் வேதவல்லி, "நத்திங், நத்திங், ஷீ இஸ் பெர்ஃபெக்ட்" என்றார். வர்ஷா மட்டும், நாம் மேலேயே ஒரு நடை போய்விட்டு வரலாமே என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தாள். "பயமா?" என்று சிரித்தான் ஜெகதீஷ். "என்னோட லைஃப்ல இதெல்லாம் அடிக்கடி இருக்கும். இப்பவே பழகிக்கோ." அவனுடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஹார்னஸை மாட்டத் தொடங்கினாள்.

யோகராசா ஹெல்மெட் வாரை இறுக்க அவளைக் கூப்பிட்டான். வேதவல்லியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, மெய்யாச் சொல்லுங்கோ. என்ன வருத்தம்?"

"ஐ'ம் ஃபைன்" என்றாள். சொல்லும்போதே அவளுடைய கட்டைவிரல் ஒருமுறை துள்ளியது.

"என்ன மாத்திரை குடிச்சனீங்கள்?"

வேதவல்லியின் குரல் தாழ்ந்து சீறியது. "தம்பி, உங்க வேலையை மட்டும் பாருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கிறாங்க. எம்பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினீங்க, உங்க ஓனர்கிட்டப் பேசுவேன்."

யோகராசா வாரை இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். பிறகு கயிற்றை எடுக்கிற சாக்கில் வானுக்குப் பின்னால் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"சிறி, அந்தப் பிள்ளைக்கு வலிப்பு இருக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ டொக்டரோ?"

"சதீசனுக்கும் இப்பிடித்தான் விரல் துள்ளும்."

சதீசன் யாரென்று எனக்குத் தெரியும். ஒருமுறை கயிறுகளைக் கழுவும்போது யோகராசா சொல்லியிருந்தான். படகில் ஏற்றுமுன் ஏஜென்சிக்காரன் எல்லாரையும் நிறுத்தி, வருத்தக்காரர் யாராவது இருக்கிறீர்களா, இருந்தால் இறங்குங்கள் என்று கத்திக் கேட்டானாம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யோகராசாவுக்குப் பக்கத்தில் இருந்த சதீசன் என்ற பொடியனும் திறக்கவில்லை. கடலில் அவனுடைய மாத்திரை முடிந்துபோனது. காலையில் விரல்கள் துள்ளுவதை யோகராசா பார்த்தான். ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டான். கேட்டால் பொடியன் சங்கடப்படுவான் என்று கேட்காமல் விட்டான். படகின் விளிம்பில் இருந்தவன், உடம்பு இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தான். படகு திரும்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் சொன்னேன்: "மச்சான், ஹெலன் சொன்னதை மறந்திட்டியோ? தாய்க்காரி இல்லை எண்டுறா, பிள்ளையும் இல்லை எண்டுது. உனக்கென்ன? விடு."

"உள்ளுக்கை இறங்கினாப் பிறகு கயிறை இழுத்திடுவம், சிறி. பிறகு திரும்பி ஏறேலாது. தண்ணிக்குள்ளாலதான் வெளிய வரலாம்."

"அப்ப மாப்பிள்ளையிட்டைச் சொல்லு."

"அது அந்தப் பிள்ளையின்ர கதை. நான் ஆர் சொல்ல?"

சொல்லவும் மாட்டான், விடவும் மாட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. உண்மையில் பயமாகவும் இருந்தது.

பாறை விளிம்புவரை எல்லாரும் நடந்தோம். இரண்டு அம்மாக்களும் மேலே நின்று பார்க்க ஆசைப்பட்டதால் நானும் துணைக்குப் போனேன். முதலில் ரயன் இறங்கினான். பிறகு ஜெகதீஷ், கூச்சலிட்டுக்கொண்டு, தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டு இறங்கினான். கீழே இருந்து, "வர்ஷா, கம் ஆன்!" என்ற சத்தம் பாறையில் மோதி இரண்டு தடவை கேட்டது.

வர்ஷா எழுந்தாள். விளிம்புக்கு இன்னும் சில அடி இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன உதறு உதறின. பக்கத்தில் நின்ற சத்தியபாமாவும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

யோகராசா அவளைத் தோளில் பிடித்துப் பின்னுக்குக் கொண்டுவந்தான். "ஒருக்காக் கழட்டுங்கோ" என்று ஹார்னஸை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது போன வாரம்தான் பெட்டியிலிருந்து எடுத்த புது ஹார்னஸ். விலைச்சீட்டின் பசைகூட முழுவதும் போகவில்லை.

"தையல் சந்தேகமாக் கிடக்கு" என்றான். மார்பில் தொங்கிய கத்தியை எடுத்தான். இடுப்பு வாரை ஒரே இழுப்பில் வெட்டினான்.

வேதவல்லி அலறினார். வாக்கிடாக்கியில் ரயனின் குரல் வந்தது: என்ன தாமதம், கோளாறு என்றால் மாற்று ஹார்னஸ் ஒன்று சிறியின் பையில் இருக்கிறதே. இருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற யோகராசாதான் அதையும் வைக்கச் சொல்லியிருந்தான்.

என்னிடம் கையை நீட்டினான். கொடுத்தேன். இந்தத் தடவை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் வெட்டினான்.

"இதுவும் சரியில்லை" என்றான்.

சத்தியபாமா நிதானமாகக் கேட்டார். "ஏன் தம்பி, ரெண்டும் ஒரே நாள்ல எப்படிக் கெட்டுப்போகும்?"

"கெட்டுப்போகும் அம்மா. கம்பெனிப் பிழை. இவவுக்கு இண்டைக்கு இறங்கேலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பெண் மீது பிழை இல்லை, அவள் பயப்படவும் இல்லை, அவளுக்கு ஒன்றுமில்லை. எல்லாப் பிழையும் கம்பெனியுடையது. அவன் நினைத்தது அவ்வளவுதான். இரண்டு வெட்டில் தன் கயிற்றையும் வெட்டிக்கொண்டான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, கன்னத்தில் அறையவும் தோன்றியது.

ரயனும் ஜெகதீஷும் பள்ளத்துக்குள்ளால் போய் மறுபக்கத்தால் வெளியே வருவதாக முடிவானது. நாங்கள் வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் வேதவல்லி பேசிக்கொண்டே வந்தார். ஏமாற்றுக் கம்பெனி, பொறுப்பில்லாத ஆட்கள், எங்கிருந்தோ வந்து ஏறிக்கொள்கிறவர்கள். யோகராசாவுக்குக் கேட்க வேண்டும் என்று பேசினார், அதைவிடச் சத்தியபாமாவுக்குக் கேட்க வேண்டும் என்று பேசினார். மகளைத் தப்பவைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தம். தெரியாததுபோலக் காட்ட வேண்டுமானால் கோபப்பட்டே ஆக வேண்டும்.

வானுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைத்ததும் ஹெலனுக்கே போன் போட்டார். நான்கு பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். காலையிலிருந்தே இந்த ஆள் என் மகளைக் குற்றவாளி மாதிரி விசாரித்தான், கடைசியில் கத்தியை எடுத்து எங்கள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் வெட்டிப் போட்டான், இவனுக்கு மூளை சரியில்லை. ஆங்கிலம் நன்றாகவே வந்தது.

ஹெலன் பல தடவை மன்னிப்புக் கேட்டார். பிறகு, "இனி அவர் கயிற்றைத் தொட மாட்டார். அதற்கு நான் பொறுப்பு" என்று சொன்னார்.

யோகராசா சற்றுத் தள்ளி, கீழே குந்தியிருந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை கேட்டதும் கை நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. இனித் தன் கைக்கு வராத கயிற்றையும் விரல்விட்டுத் தடவிச் சரிபார்த்துக்கொண்டே சுற்றினான். நான் வாயைத் திறந்திருப்பேன். சத்தியமாகத் திறந்திருப்பேன். அதற்குள் வர்ஷா தன் அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்துவிட்டாள்.

அவள் ஹெலனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு எபிலெப்சி இருக்கிறது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பொய் சொன்னேன். அந்த ஹார்னஸ்களில் ஒரு கோளாறும் இல்லை.

வேதவல்லி பெண்ணின் வாயைப் பொத்தப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார் சத்தியபாமா.

வர்ஷா போனை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். "எனக்கு வலிப்பு நோய் இருக்கு ஆன்ட்டி. சின்ன வயசுலேர்ந்து. மாத்திரை போட்டா வராது. தூங்கலேன்னா வரும், வெளிச்சம் அடிச்சு அடிச்சு மறைஞ்சா வரும், அதான் ஒரு கண்ணை மூடிக்கிறேன். லென்ஸ் எல்லாம் இல்ல. அது வைட்டமினும் இல்ல."

வேதவல்லி வானின் படியில் உட்கார்ந்துவிட்டார். "உண்மையைச் சொன்ன ரெண்டு இடமும் கைநழுவிப் போச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "மூணாவதும் போகணும்னு யாருக்குங்க ஆசை? கொஞ்ச நேரம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்." அவ்வளவு நேரமும் அவர்மீது எனக்கிருந்த கோபத்தை அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் ஹெலன் இன்னும் இருந்தார். யோகராசாவைக் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அது என்னுடைய கதை இல்லை" என்றான் யோகராசா ஆங்கிலத்தில்.

ஹெலன் திங்கட்கிழமை வெட்டிய இரண்டையும் கொண்டு வா, நாம் பேச வேண்டும், உன் குழு ஒன்பது மணிக்கு நிற்கும், பிந்தாதே என்று சொல்லி வைத்துவிட்டார். யோகராசா போனை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். காதில் விழுந்ததை அவன் உடனே நம்பவில்லை.

ஜெகதீஷ் நனைந்து, சிவந்து, சந்தோஷமாக வந்து சேர்ந்தான். அவனுடைய அம்மா தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். அதன் பிறகு அவன் வானின் கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்து போனைப் பார்க்கத் தொடங்கினான். வேதவல்லி வெளியே பார்த்தபடி இன்னொரு மூலையில் இருந்தார். காலையில் நிறைந்திருந்த வான் இப்போது காலியாக இருப்பதுபோல இருந்தது.

கீழே இறங்கும்போது வெயில் சரிந்துவிட்டது. மரங்களுக்கு ஊடாக மறுபடி அந்த வெளிச்சம் துடிக்கத் தொடங்கியது. வர்ஷா கையைத் தூக்கி ஒரு கண்ணை மூடினாள். இப்போது அதற்கு ஒரு சாக்கும் தேவைப்படவில்லை. அவளுடைய அம்மா துப்பட்டாவை எடுக்கவும் இல்லை. கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது.

சத்தியபாமா எழுந்தார். ஓடுகிற வானில் சீட்டைப் பிடித்துப் பிடித்து வந்து, "தள்ளி உக்காரு கண்ணு" என்று வர்ஷாவை உள்பக்கம் நகர்த்திவிட்டு, தான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முந்தானையை விரித்து ஜன்னலை மூடிப் பிடித்துக்கொண்டார். இரக்கமா, சம்மதமா, இல்லை கிட்ட இருந்து இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமா, எனக்குச் சொல்லத் தெரியாது. குவேக்கர்ஸ் ஹில் வரைக்கும் கையை இறக்கவில்லை.

யோகராசா தன் பக்கத்துக் கண்ணாடியில் அதைப் பார்த்தான். "சிறி, கொஞ்சம் மெல்ல ஓடு" என்றான்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பின்வாங்கியது அம்மா அல்ல, மகன். பாறையிலிருந்து கூச்சலிட்டுக்கொண்டு குதிக்கிற ஆள்தான், இதற்குப் பயந்துவிட்டான். ஹெலன் மட்டும் ஒன்றை மாற்றினார். இப்போது அந்தக் கம்பெனியில் வட்டமாக நிறுத்தி யாரும் கேட்பதில்லை. ஹெல்மெட் வாரை இறுக்கும்போது, ஒவ்வொருவரையும் தனியாக, எல்லா வழிகாட்டிகளும் கேட்கிறார்கள்.

சில மாதம் கழித்து வர்ஷா தனியாக வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்து, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள். தண்ணீரே இல்லாத ஒரு பாறையில், மேலிருந்து இன்னொரு கயிறும் போட்டு, யோகராசாவே இறக்குவதாக ஏற்பாடு. அவளுடைய ஹார்னஸை அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். மூன்றாவது தடவை குனிந்தபோது, "அண்ணா, வெட்டிடாதீங்க" என்றாள். அவன் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு வழக்கம்போலக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். "இப்ப என்னைப் பாருங்கோ."

மற்றவர்களைப்போல அவள் சிரித்துவிட்டு நகரவில்லை. இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தாள். கொளுக்கியைத் திருகிப் பார்த்தாள். ஹெல்மெட் வாருக்குள் ஒரு விரலை விட்டு இறுக்கம் பார்த்தாள். அப்படியே, வாயை அசைக்காமல், அவன் கேட்பதுபோலவே கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணா. உங்களுக்கு என்ன வருத்தம்?"

இத்தனை வருடத்தில் அவன் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறான். அவனை ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட. அவன் இல்லை என்றுதான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஓம் தங்கச்சி, இருக்கு" என்றான். "படகால இறங்கின நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை."